திரைப்படம் விட்டுவிட்ட மனஸ்தாபம்

ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நாவல் 2007-இல் வெளிவந்தது. அதன் நிறைவுப் பகுதியை டேவிட் யேட்ஸ் 2011-இல் திரைக்குக் கொணர்ந்தார். மாந்திரீகக் கதை என்று நம்மில் சிலர் ஒதுக்கும் இந்நாவலுள் பாவத்தைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனை ஒன்று உண்டு.

சாவுக்கு அஞ்சிய வோல்டமார்ட் கொலைகள் புரிந்து, தன் ஆன்மாவைக் கூறுகளாக்கி ஒளித்து வைக்கிறான். பிளந்த ஆன்மா மீண்டும் ஒன்றுபட ஒரே வழி, செய்ததற்காக மெய்யாகவே வருந்துவது. நம் முன்னோர் மனஸ்தாபம் என்றது இதைத்தான். இறுதி மோதலில், தன் பெற்றோரைக் கொன்ற அவனையே, வருந்த முயலுமாறு ஹாரி அழைக்கிறான். அவன் மறுக்கிறான்; தான் ஏவிய மந்திரமே தன்மேல் திரும்ப, அனைவர் கண்முன்னும் சாதாரண மனிதனாய் விழுந்து மடிகிறான்.

திரைப்படத்திலோ அவ்வழைப்பு இல்லை. யாருமற்ற முற்றத்தில் இருவரும் பொருதுகின்றனர்; பகைவன் துகள்துகளாய்க் காற்றில் கரைகிறான். காட்சி கண்ணைக் கவர்கிறது. ஆயினும் அரக்கன் அழிந்தான் என்ற நிறைவோடு நாம் எழுந்துவிடுகிறோம். மனந்திரும்பியிருக்கக்கூடிய மனிதன் ஒருவன் மறுத்துவிட்டான் என்னும் துயரம் நம்மைத் தீண்டுவதில்லை.

பிள்ளைகளுக்குப் படத்தைக் காட்டும் பெற்றோர், நாவலின் அப்பகுதியையும் அவர்களோடு அமர்ந்து வாசிப்பாராக. பகைவனும் மீட்புக்கு அழைக்கப்பட்டவனே என்பதை அவர்கள் அங்கே காண்பார்கள்.