மூணு கேள்வியில் ஒண்ணு காலி

போன மாசம் கனகம்மாசத்திரம் வீட்டில் அம்மாவுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். சர்க்கரை நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி கொடுத்தது. அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் வாசிக்க, அவங்க பதில் சொன்னாங்க. 21-வது கேள்வி, பாலியல் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்பது. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆச்சு. நான் வாசிக்கவே இல்லை, தாண்டிவிட்டேன்.

படிவம், உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூஎச்ஓக்யூஓஎல்-பிரெஃப். "வெளிநாட்டுச் சரக்கு, நமக்குப் பொருந்தாது" என்று இதை ஒதுக்க முடியாது. சென்னை, டெல்லி உட்பட 15 மையங்களில் ஒரே சமயத்தில் உருவானது. 236 கேள்விகளைச் சோதித்து, 100 ஆக்கி, பிறகு 26 ஆகச் சுருக்கினார்கள்.

சுருக்கியதில்தான் சிக்கல். உடலுக்கு 7 கேள்வி, மனதுக்கு 6, சுற்றுச்சூழலுக்கு 8. சமூக உறவுக்கு மூணே மூணு: உறவுகள், பாலியல் வாழ்க்கை, நண்பர்களின் ஆதரவு. ஒண்ணு காலியானால் மற்ற இரண்டின் சராசரியைப் போட்டுக்கொள்ளலாம் என்பது விதி. நம்ம பாஷையில், நல் வந்த இடத்தில் டிஃபால்ட் வேல்யூ. என் கூச்சம் அம்மாவின் மதிப்பெண்ணாகிவிட்டது. நண்பர்கள் கேள்விக்கு, "எனக்கேதுப்பா பிரண்டு? பக்கத்து வீட்டு அத்தைதான்" என்றார்கள். அத்தையை நண்பராகக் கணக்கில் எடுத்ததும் நான்தான்.

ஆய்வேடுகளில் இதையெல்லாம் 'குரோன்பாக் ஆல்ஃபா' என்ற ஒற்றை எண் மூடிவிடுகிறது. 2004-இல் வெளியான 23 நாட்டு ஆய்வில் (11,830 பேர்) சமூக உறவுக்கு வந்த ஆல்ஃபா 0.68, மற்ற மூன்றும் 0.80, அதற்கு மேல். கேள்வி கூடினாலே ஏறும் எண் அது. கேள்விகளுக்கிடையே சராசரித் தொடர்பு 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 கேள்விக்கு 0.84, மூணுக்கு 0.67, இரண்டுக்கு 0.57. அப்படியே ஆல்ஃபா நன்றாக வந்தாலும், கேட்கும்போது திண்ணையில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது.

ஆனால் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது: நிரப்ப யாராவது உதவினார்களா? மதிப்பெண்ணில் சேராத கேள்வி. அந்தப் பதிலையும் 21-வது காலியிடங்களையும் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மாணவிக்குப் போன் செய்து, காலியாக விட்டது அம்மா இல்லை, நான் என்று சொல்லிவிட்டேன்.