சசூரின் நூல் முதற்பாடமாகுமா?

மொழியியல் பயிலப் புகும் மாணவனுக்கு ஆசிரியர் பலர் முதலில் சுட்டும் நூல், பெர்டினாண்டு டி சசூரின் 'பொது மொழியியல் பாடம்' (1916). இதைச் சசூர் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1907 முதல் 1911 வரை ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் அவர் மும்முறை நடத்திய பாடங்களை மாணவர்கள் குறித்து வைத்தனர். 1913-இல் அவர் மறைந்தபின் பாலி, செசேயே என்னும் இருவர் அக்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கினர். வியப்பு என்னவெனில், இவ்விருவரும் அவ்வகுப்புகளில் அமர்ந்தவர்கள் அல்லர்! மொழியை மொழிக்காக மட்டுமே ஆராய வேண்டும் என்று முழங்கும் கடைசி வாக்கியம் மாணவர் குறிப்புகளில் இல்லை என்பதைப் பின்னர் ஒப்பிட்டோர் கண்டனர். ஆயினும் அதைச் சசூரின் கொள்கையாகவே கொண்டு வாதிட்டோர் உண்டு.

நூலின் சிறப்பை மறுப்பதற்கில்லை. 'மரம்' என்னும் ஒலிக்கும் அப்பொருளுக்கும் இயற்கையான தொடர்பு ஏதுமில்லை. ஒரு சொல்லின் மதிப்பு அதனோடு நிற்கும் பிற சொற்களால் அமைகிறது என்கிறது நூல். சதுரங்கத்தில் குதிரை காணாமற்போனால் ஒரு புளியங்கொட்டையை வைத்தும் ஆடலாம் அல்லவா? காய் எதனாற் செய்யப்பட்டது என்பதன்று, ஆட்டத்தில் அதன் இடமே முக்கியம். ஆனால் ஆடுபவன் எண்ணிக் காய் நகர்த்துகிறான். மொழியோ யாரும் எண்ணாமலே மாறுகிறது. சதுரங்க உவமை இங்கே பொருந்தாது என நூலே ஒப்புக்கொள்கிறது.

என் குறை வேறு. மொழியியல் அறிவியல்தானா என்று ஐயுறும் மாணவனுக்கு இந்நூல் கொள்கைகளைத் தருகிறதே தவிர, ஒரு கொள்கை சோதனையில் வென்ற கதையைத் தருவதில்லை. அக்கதை சசூரின் இளமையிலேயே தொடங்குகிறது. 1878-இல், இருபத்தொரு வயதில், இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் உயிரொலி மாற்றங்களை அவர் ஒப்பிட்டார். அவற்றில் ஓர் ஒழுங்கு காண வேண்டுமாயின், மறைந்துபோன சில ஒலிகள் மூலமொழியில் இருந்திருக்க வேண்டும் எனக் கணித்தார். சான்று? அன்று எங்கும் இல்லை. 1915-இல், துருக்கியில் அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளிலுள்ள ஹிட்டைட் மொழியை ஹ்ரோஸ்னி படித்தறிந்தார். 1927-இல் போலந்து அறிஞர் குரிவோவிச், சசூர் கணித்த இடங்கள் சிலவற்றில் அம்மொழியில் ஹகரச் சாயலுள்ள ஒலி நிற்பதைக் காட்டினார். யுரேனசின் தடுமாற்றத்தைக் கணக்கிட்டு 1846-இல் நெப்டியூனைக் கண்டதற்கு இது எவ்வகையில் குறைந்தது?

1916-இல் இக்கதை முடிந்திருக்கவில்லை. ஆதலால் பதிப்பாசிரியர்களை நோவதற்கில்லை. இன்றும் அந்நூலைத் தனியே கையில் கொடுத்து அனுப்புவோரையே நான் குறை கூறுகிறேன். மாணவன் முதலில் ஹிட்டைட் ஏடுகளின் கதையைக் கேட்கட்டும். சதுரங்கம் அடுத்த வாரம் வரை காத்திருக்கும்.