வேலைக்காரியும் எழுதுகோலும்

தேவ்நாரை அடுத்த சீட்டா கேம்ப்பிலிருந்து நம் தமிழ்ப் பெண்கள் பலர் நாள்தோறும் செம்பூரின் அடுக்குமாடிகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்கின்றனர். மூடிய கதவுகளுக்குள் இத்தகைய பெண்கள் படும் வசையும் அடியும் அத்துமீறலும் நம் இலக்கியத்தில் எவ்வளவு இடம்பெற்றன என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அறிஞர் அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகம் 1949இல் திரைப்படமாகிப் பெரும்புகழ் பெற்றது. செல்வரின் செருக்கைச் சாடிய அதன் பெருமை என்றும் குன்றாது. எனினும், தலைப்புக்குரிய அமிர்தம் செல்வர் ஒருவரின் மகளாக ஏற்கப்பட்ட பின்னரே மணமாலை பெறுகிறாள். வேலைக்காரியாக இருந்தபடியே அவள் நீதி பெறவில்லை. இதனைக் குறையென்றே கருதுகிறோம்.

2002இல் இந்தியில் வெளிவந்த பேபி ஹால்தரின் தன்வரலாறான 'ஆலோ ஆந்தாரி' இக்குறையை நிறைக்கிறது. 12 வயதில் திருமணம், கணவனின் கொடுமை, குழந்தைகளுடன் தில்லிப் பயணம், வேலை வாங்கியோரின் கடுஞ்சொல் என அனைத்தையும் அவர் தாமே சொல்கிறார். குர்காவ்ன் வீடொன்றில் பணிசெய்தபடியே வங்கமொழியில் எழுதினார். எழுதத் தூண்டியவர் அவ்வீட்டுத் தலைவர் பிரபோத் குமார். இரக்கம் வேண்டாத எளிய நடையே நூலின் வலிமை.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடமாக ஏற்று, வீட்டுப்பணிப் பெண்களுக்கும் முறையிடும் உரிமை தந்தது. முறையிடுபவள் சொல்லை நம்பிக் கேட்பாரும் வேண்டுமன்றோ? நம்முள் வேலைக்குச் செல்வோரும் உளர். வேலை வாங்குவோரும் உளர். இருசாராரும் படிக்கவேண்டிய நூல் இது.