ஸ்டைன்பெக்கின் புலம்பலை ரசிப்பது எப்படி?

எழுத்தாளர்களின் டைரியைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதில் ஃபார்முலா தேடுகிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தார், காபியா டீயா, பேனாவா டைப்ரைட்டரா? அதுதான் வேண்டுமென்றால் ஆன்டனி டிராலப்பின் சுயசரிதை போதும். தபால் இலாகா அதிகாரியாக இருந்துகொண்டே நாவல்களை எழுதித் தள்ளிய மனிதர். காலை ஐந்தரைக்கு மேஜை முன் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். காபி கொடுத்து எழுப்பிவிட வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். 1883இல் புத்தகம் வெளிவந்ததும், இப்படிக் கணக்குப் பார்த்து எழுதியவரெல்லாம் கலைஞரா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கு டிராலப்பைப் பிடிக்கும். ஆனால் எல்லாம் நல்லபடி முடிந்தபிறகு சொன்ன கதை அது. அதில் பதற்றம் இல்லை.

நாவல் முடியுமா முடியாதா என்றே தெரியாத நிலையில் எழுதிய டைரிதான் ரசிக்க ஏற்றது. ஜான் ஸ்டைன்பெக் 1938இல் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ எழுதியபோது கூடவே எழுதிவந்த டைரி அப்படிப்பட்டது. ‘வொர்க்கிங் டேஸ்’ என்ற பெயரில் ராபர்ட் டெமாட் பதிப்பித்து 1989இல் வந்தது. ஸ்டைன்பெக் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

படிக்கத் தொடங்குமுன் ஒரு பின்னணி தெரிந்திருந்தால் நல்லது. பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்கு வந்து முகாம்களில் கிடந்த விவசாயக் குடும்பங்களைப் பற்றி 1936இலேயே அவர் ஒரு நாளிதழுக்குத் தொடர் கட்டுரை எழுதியிருந்தார். 1938 தொடக்கத்தில் விசேலியா பக்கம் வெள்ளம் வந்து, அந்தக் குடும்பங்கள் பட்டினி கிடந்ததை நேரில் பார்த்தார். வந்த கோபத்தில் முதலாளிகளைக் கிழித்து ஒரு நையாண்டி நாவலை எழுதி முடித்தார். பிறகு, இது மட்டமான புத்தகம் என்று தானே முடிவுகட்டி அழித்துவிட்டார். அது மே மாதம். அதே மாதக் கடைசியில் புது நாவலையும் டைரியையும் சேர்த்தே ஆரம்பிக்கிறார். சில மாத உழைப்பைக் குப்பையில் போட்ட மனிதர் பேசுகிறார் என்ற நினைவோடு முதல் பக்கங்களைப் படித்தால்தான் அவற்றிலுள்ள பிடிவாதம் பிடிபடும்.

நாவலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டைரியை மட்டும் ஒரே மூச்சில் படித்தால் அலுப்பாக இருக்கும். சோம்பல், தன்மீதே சந்தேகம், வயிற்றுக் கோளாறு, வந்துகொண்டே இருக்கும் விருந்தாளிகள், அக்கம்பக்கத்துச் சத்தம். திரும்பத் திரும்ப இதேதான். ஆனால் டைரியில் ஒரு வாரத்தைப் படித்துவிட்டு, அந்த வாரம் எழுதிய அத்தியாயத்துக்குப் போய்ப் பாருங்கள். புலம்பியவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றே தோன்றும். நாளுக்குச் சுமார் 2,000 சொல் என்று இலக்கு வைத்திருந்தார். லாஸ் கேடோஸ் வீட்டின் சின்ன அறையில், பேரேட்டு நோட்டில், பொடிப்பொடி எழுத்தில் எழுதுவார். மனைவி கரோல் அதை டைப் செய்வார். அந்தப் பொடி எழுத்தைப் படித்து டைப் செய்ததற்கே அவருக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்கலாம்.

அடி பம்பில் தண்ணீர் வர, முதலில் மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்களே, டைரி அவருக்கு அந்தச் செம்புத் தண்ணீர். பெரும்பாலும் அன்றைய வேலைக்கு உட்காருமுன் எழுதியது அது. அதனால் ஒரு குறிப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைவிட எப்படி முடிகிறது என்று பாருங்கள். புலம்பல் தேயும், வாக்கியம் சுருங்கும், ‘சரி, வேலைக்குப் போவோம்’ என்கிற தொனி வந்துவிடும். அந்தத் திருப்பம் எந்த இடத்தில் நடக்கிறது என்று கவனிப்பதுதான் இந்த டைரியின் பெரிய ருசி. சில நாள் இரண்டாவது வரியிலேயே நடந்துவிடும். சில நாள் நடக்கவே நடக்காது.

நடக்காத நாட்கள் ஆகஸ்டில் அதிகம். கரோலுக்கு டான்சில் ஆபரேஷன். புது இடம் வாங்கும் பேச்சு. இவ்வளவுக்கும் நடுவே, அவருடைய பதிப்பாளர் பாஸ்கல் கோவிச்சியின் நிறுவனம் திவாலாகிறது. தான் எழுத்தாளனே இல்லை, ஊரையும் தன்னையும் சேர்த்து ஏமாற்றி வந்திருக்கிறோம் என்று ஸ்டைன்பெக் எழுதுவது இந்தக் கட்டத்தில்தான். இந்த ஒரு இடத்தை மட்டும் உருவி எடுத்து, ‘பாருங்கள், மேதைக்கும் சந்தேகம் வரும்’ என்று மேற்கோள் காட்டுகிறவர்கள் ஏராளம். எனக்கு அது சலித்துவிட்டது. மேதைக்குச் சந்தேகம் வருவதில் என்ன அதிசயம்? அந்த வரிக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களைப் படியுங்கள். செப்டம்பரில் கரோல் நாவலுக்குத் தலைப்புக் கண்டுபிடித்துச் சொல்கிறார், ஸ்டைன்பெக்கின் நடையே மாறிவிடுகிறது. அக்டோபர் 26ஆம் தேதி, உடம்பு முடியாத நிலையில், நாவலை முடிக்கிறார்.

இதோடு நிறுத்தாமல் ‘ஜர்னல் ஆஃப் எ நாவல்’ புத்தகத்துக்கும் போகலாம். 1951இல் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ எழுதிய காலத்துக் கடிதங்கள். அதே கோவிச்சி கொடுத்த பெரிய நோட்டில், இடப்பக்கம் கோவிச்சிக்குக் கடிதம், வலப்பக்கம் நாவல். கடிதம் எழுதிக் கையைச் சூடேற்றிக்கொண்டு வலப்பக்கம் தாவுவார். இங்கே மனிதர் நிதானப்பட்டிருக்கிறார், புலம்பலும் சொகுசாகிவிட்டது. முக்கால்வாசி பென்சிலைப் பற்றித்தான். ஆறு பட்டைப் பென்சில் விரலை அறுக்கிறது, உருண்டைப் பென்சில்தான் தோது. ஒரு நாள் மிருதுவான ‘பிளாக்விங்’ சரிப்படும், மறுநாள் அதுவே ஆகாது, கடினமான முனை வேண்டும். மின்சாரத்தில் ஓடும் பென்சில் சீவியின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். பென்சில் பிடித்த விரலில் காய்ப்பு ஏறியதைக்கூட விடவில்லை. இந்த இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பென்சில் பேச்சு நீளும் நாள், பெரும்பாலும் அவர் ஒரு கஷ்டமான காட்சியைத் தள்ளிப்போடும் நாள். எழுதக் கூசி மேஜையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருக்கும் எவரும் அந்தக் கள்ளத்தனத்தைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

காஃப்காவின் டைரிக்கு இந்த முறை ஒத்துவராது. அங்கே புலம்பலும் படைப்பும் ஒன்றாகவே கலந்து கிடக்கும். 1912 செப்டம்பரில் ஒரே ராத்திரியில், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை உட்கார்ந்து, ஒரு முழுக் கதையை டைரியிலேயே எழுதி முடித்தவர் அவர். அதை ஒட்டிய சில நாட்களை மட்டும் படித்தாலே போதும்.

கடைசியாக ஒரு கடிதம். 1939 ஜனவரியில், ‘கிரேப்ஸ் ஆஃப் ராத்’ முடிவை மாற்றும்படி கோவிச்சி கேட்டார். குழந்தையைப் பறிகொடுத்த பெண், பட்டினியில் சாகக் கிடக்கும் அந்நியனுக்குப் பால் கொடுக்கும் காட்சி அது. ஐந்து மாதம் தன் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்ட மனிதர் முடியவே முடியாது என்று பதில் எழுதினார். ‘எ லைஃப் இன் லெட்டர்ஸ்’ என்ற தொகுப்பில் இந்தக் கடிதம் இருக்கிறது. ஆகஸ்ட் மாதக் குறிப்புகளைப் படித்த சூடு ஆறுவதற்குள் இதையும் படித்துவிடுங்கள்.