பதிமூணு டாலர் சம்பளம்

‘க்ளோரி’ என்று ஒரு ஹாலிவுட் படம். 1989-ல் வந்தது. எட்வர்ட் ஸ்விக் இயக்கம். டென்சல் வாஷிங்டனுக்கு முதல் ஆஸ்கரை வாங்கிக் கொடுத்தது. அதில் ட்ரிப் என்கிற கறுப்பினச் சிப்பாயாக வருவார். முகாமை விட்டு ஓடிப் பிடிபட்டவர் என்று தண்டனை கொடுக்கிறார்கள். சட்டையைக் கழற்றினால் முதுகு பூராவும் பழைய தழும்பு. அடிமையாக இருந்த காலத்தில் வாங்கிய அடி. அதன் மேலேயே சவுக்கு இறங்குகிறது. மனிதர் கத்த மாட்டார். எதிரே நிற்கும் வெள்ளைக்காரக் கர்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு கண்ணீர்ச் சொட்டு. ஆஸ்கர் அந்தச் சொட்டுக்குத்தான் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் சொல்வேன்.

பிரச்னை என்னவென்றால், அமெரிக்க ராணுவத்தில் சவுக்கடியை 1861-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். படத்தில் வரும் ரெஜிமென்ட் ஆரம்பித்தது 1863-ல். இன்னொரு பிரச்னையும் உண்டு. ட்ரிப் என்று அந்த ரெஜிமென்ட்டில் ஒரு ஆளே கிடையாது.

‘சினிமாதானே சார், விடுங்க’ என்பீர்கள். விட்டுவிடலாம்தான். ராணுவ பூட்ஸில் எத்தனை ஓட்டை என்று எண்ணுகிற ஜாதி இல்லை நான். ஆனால், இந்தப் படத்தில் யார் நிஜம், யார் கற்பனை என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். கர்னல் ராபர்ட் கௌல்ட் ஷா நிஜம். அவருடைய அப்பா, அம்மா நிஜம். கவர்னர் ஜான் ஆண்ட்ரூ நிஜம். சிப்பாய்கள்? ட்ரிப் கற்பனை. மார்கன் ஃப்ரீமன் நடித்த ராலின்ஸ் கற்பனை. திக்குவாய்ப் பையன் கற்பனை. கண்ணாடி போட்ட படிப்பாளி கற்பனை. பெயர் இருந்தவர்கள் எல்லாம் மேலே உட்கார்ந்திருந்தவர்கள். கீழே நின்றவர்களுக்குத் திரைக்கதை ஆசிரியர் பெயர் சூட்டியிருக்கிறார்.

சரி, கீழே இருந்தவர்களைப் பற்றித் தகவலே இல்லாமல் போயிருக்கலாம் என்று நினைப்போம். அதுதான் இல்லை.

அந்த ரெஜிமென்ட்டின் முழுப் பெயர் 54-வது மாசசூசெட்ஸ் வாலன்டியர் இன்ஃபன்ட்ரி. வாலன்டியர் என்றதும் மாநாட்டுப் பந்தலில் பேட்ஜ் குத்திக்கொண்டு மோர் கொடுக்கிறவர்கள் ஞாபகம் வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். நிரந்தர ராணுவம் சின்னது, போதவில்லை. ஒவ்வொரு மாநில கவர்னரும் ஆள் திரட்டி ரெஜிமென்ட் அமைத்து அனுப்பவேண்டும். சம்பளம் மத்திய அரசு தரும். சேருகிறவன் தானாக வந்து சேருகிறான், அதனால் வாலன்டியர். 1863 ஜனவரி 1-ம் தேதி லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் வந்தது. அதே மாதம் மாசசூசெட்ஸ் கவர்னர் கறுப்பினத்தவர்களை வைத்து ஒரு ரெஜிமென்ட் அமைக்க அனுமதி வாங்கினார். கறுப்பினத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். முதலில் தன் வீட்டிலிருந்தே இரண்டு மகன்களைக் கொடுத்தார். மூத்தவர் லூயிஸ் அந்த ரெஜிமென்ட்டின் சார்ஜென்ட் மேஜர்.

படத்தில் டக்ளஸ் வருகிறார். மகன்கள் வருவதில்லை. லூயிஸின் சார்ஜென்ட் மேஜர் பதவியைத் தூக்கிக் கற்பனை ராலின்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

தகவல் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு உறை இருக்கிறது. உள்ளே கார்டுகள். பென்ஷன் கேட்டு லட்சக்கணக்கில் மனுக்கள் குவிந்தபோது, நைந்துபோன மஸ்டர் ரோல்களைப் புரட்டிப் புரட்டிக் கிழிக்க முடியாமல், குமாஸ்தாக்களை உட்காரவைத்து ஒவ்வொரு ஆளின் பதிவையும் தனித்தனிக் கார்டில் எழுதவைத்தார்கள். வயது, உயரம், கண்ணின் நிறம், பிறந்த ஊர், செய்த வேலை, எந்த மாதம் ஆஜர், எந்த மாதம் ஆஸ்பத்திரி. பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் நாவல் மாதிரி. ‘முடிதிருத்துபவர்’, ‘மாலுமி’, ‘சர்வர்’, ‘விவசாயி’ என்று வேலைக் கட்டத்தில் மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தால், ஒரு ஊரே எழுந்து நடந்து போன மாதிரி இருக்கும்.

லூயிஸ் எமிலியோ என்று இதே ரெஜிமென்ட்டில் ஒரு கேப்டன். 1891-ல் ரெஜிமென்ட்டின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார். கடைசியில் ஆட்களின் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்தாலே படத்தின் அஸ்திவாரம் ஆடும். படத்தில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து தப்பிவந்த அடிமைகள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள். நிஜத்தில் பெரும்பாலோர் வடக்கு மாநிலங்களில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட்டில் மாசசூசெட்ஸ்காரர்களைவிட பென்சில்வேனியாக்காரர்கள் அதிகம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நிறைய. பத்திரிகைக்கு எழுதியவர்களும் உண்டு.

இன்னும் ஆழமாகப் போகவேண்டுமானால் பென்ஷன் ஃபைல்கள். நம்மூரில் வாரிசு சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கு நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். விதவை பென்ஷன் கேட்டால் கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் கொடு என்பார்கள். அடிமையாக இருந்தவளுக்குக் கல்யாண சர்டிபிகேட் ஏது? அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டமே ஒப்புக்கொள்ளாத தேசம் அது. அதனால் அக்கம்பக்கத்தவர், கூடப் போரிட்டவர், பிரசவம் பார்த்தவள் என்று ஒவ்வொருவராக வந்து சாட்சி சொல்கிறார்கள். எந்த வீட்டில், யார் முன்னிலையில், எத்தனை குழந்தைகள். அரசாங்கம் சந்தேகப்பட்டதால் பதிவான வாழ்க்கைகள் அவை. சந்தேகப்படாமல் இருந்திருந்தால் ஒரு வரியும் மிஞ்சியிருக்காது. அதிகார வர்க்கத்தைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். என் கட்சிக்கு முக்கியமான சாட்சி இதுதான்.

ஆள் சேர்த்தபோது மாதம் 13 டாலர் என்று சொன்னார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு அதுதான். பட்டுவாடா அதிகாரி வந்தபோது 10 டாலர் என்றார். அதிலும் துணிக்கு 3 பிடித்தம். கையில் 7. சார்ஜென்ட் ஆனாலும் அதே 7. ரெஜிமென்ட் வாங்க மறுத்தது. படத்தில் இது ஒரு காட்சி. ட்ரிப் கத்துகிறார், எல்லோரும் சம்பளச் சீட்டைக் கிழிக்கிறார்கள், கர்னல் ஷாவும் தன்னுடையதைக் கிழிக்கிறார், ஒரே ஆரவாரம். முடிந்தது. அடுத்த சீன்.

நிஜத்தில் அது ஒன்றரை வருஷம் நடந்தது. ஷா போய்ச் சேர்ந்து வெகு காலம் கழித்தும் நடந்தது. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி. ஒவ்வொரு முறை பட்டுவாடா அதிகாரி வரும்போதும் வரிசையில் நின்று ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டும். நடுவில் மாசசூசெட்ஸ் அரசு ஒரு யோசனை சொன்னது: பாக்கி 6 டாலரை நாங்கள் போட்டுத் தருகிறோம், 13 ஆகிவிடும், வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் மறுத்தார்கள்!

கூட்டிப் பார்த்தால் கணக்கு டேலி ஆகிறது. பிறகு ஏன்? கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும், தொகை சரியாக இருந்தால் போதாது; எந்தத் தலைப்பில் எழுதுகிறோம் என்பது இருக்கிறது. 10 டாலர் என்பது 1862-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றில் இருந்த தொகை. தப்பிவந்த அடிமைகளைப் பள்ளம் வெட்டவும் மூட்டை தூக்கவும் வைத்துக்கொள்வதை மனதில் வைத்துப் போட்ட சட்டம். அந்தத் தலைப்பின் கீழ் எங்கள் பெயரை எழுதாதே என்பதுதான் சண்டை. யார் மேல்பணம் போட்டாலும் தலைப்பு மாறாதே!

இதில் உயிர் போனவர்களும் உண்டு. 3-வது சவுத் கரோலினா ரெஜிமென்ட்டில் வில்லியம் வாக்கர் என்ற சார்ஜென்ட், சம்பளம் சமமாகும்வரை வேலை இல்லை என்று தன் ஆட்களுடன் கர்னல் கூடாரத்தின் முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். கலகம் என்று தீர்ப்பாகி 1864 பிப்ரவரியில் சுட்டுக்கொன்றார்கள். சீட்டைக் கிழித்து ஆரவாரம் செய்வது அத்தனை சுலபம் இல்லை.

1863 செப்டம்பர் 28. தெற்கு கரோலினாவில் மாரிஸ் தீவு. 54-வது ரெஜிமென்ட்டின் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், ஜனாதிபதி லிங்கனுக்கு நேராக ஒரு கடிதம் எழுதுகிறார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்று கேட்கிறார். கெஞ்சல் இல்லை. வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒவ்வொரு பாயின்ட்டாக வைக்கிறார். நாங்கள் அடிமைகளுக்கான சட்டத்தின் கீழ் சேர்க்கப்பட்டவர்கள் அல்ல, பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள் என்பது அதில் ஒரு வாதம்.

குடிங் யார்? நியூ பெட்ஃபோர்டில் திமிங்கல வேட்டைக் கப்பலில் மாலுமியாக இருந்தவர். போர்முனையிலிருந்து அந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஜே.ஹெச்.ஜி. என்று மட்டும் கையெழுத்திட்டு வாராவாரம் எழுதினார். வர்ஜீனியா ஆடம்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1991-ல். படம் வந்து இரண்டு வருஷம் கழித்து. மாலுமிக்கான சான்றிதழில் குடிங் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்து ட்ராய் என்று இருந்தது. சுதந்திர மனிதர், சரி என்று எல்லோரும் நம்பினார்கள்.

பிற்பாடு வேறு சிலர் தோண்டினார்கள். நியூயார்க்கில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று இருந்த ஒரு அநாதை விடுதியின் பதிவேட்டில் அதே பெயர் கிடைத்தது. பிறந்தது வடக்கு கரோலினாவில். அடிமையாக. சின்ன வயதில் யாரோ விலை கொடுத்து விடுவித்து நியூயார்க்கில் சேர்த்திருக்கிறார்கள். ட்ராய் என்பது அவரே சொல்லிக்கொண்டது.

இப்போது அந்தக் கடிதத்தை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். பிறப்பிலேயே சுதந்திரமானவர்கள் என்று ஜனாதிபதிக்கு எழுதிய கை, அடிமையாகப் பிறந்த கை. தன் ரகசியத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரெஜிமென்ட்டுக்காக வாதாடியிருக்கிறார். இதைவிடவா ஒரு திரைக்கதை வேண்டும்? சுதந்திர மனிதர்களை அடிமைகளாக்கிக் காட்டியது படம். இங்கே ஒரு அடிமை தன்னைச் சுதந்திர மனிதனாக எழுதிக்கொண்டார். டென்சலின் முதுகுத் தழும்பு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. குடிங்கின் தழும்பு ஒரு பதிவேட்டுக்குள் நூற்றைம்பது வருஷம் போல ஒளிந்திருந்தது.

ஸ்விக் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். படம், ஷா தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும், அவரைச் சுற்றி எழுதப்பட்ட இரண்டு புத்தகங்களையும் வைத்து எழுதப்பட்டது. ஷா பாஸ்டனின் பெரிய பணக்காரக் குடும்பம். அம்மா ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துவாள். கதாநாயகன் தேர்வாவது எப்படி என்று இதில் தெரிகிறது. யார் வீட்டில் அலமாரி இருந்ததோ அவர்.

ஆனால் கொடியைப் பற்றிய விஷயத்தில் எனக்கு மனசு ஆறவில்லை. 1863 ஜூலை 18 மாலை. மணல் கோட்டை வாக்னர் மீது சுமார் 600 பேருடன் 54-வது ரெஜிமென்ட் முன்னணியில் பாய்ந்தது. செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் சேர்த்து 270-க்கும் மேல். ஷா மதில் மேல் சுடப்பட்டு விழுந்தார். எதிரிகள் அவரைச் சிப்பாய்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அவமானப்படுத்துகிறார்களாம். அதைவிட நல்ல இடம் என் மகனுக்கு வேறு இல்லை, தோண்டாதீர்கள் என்று சொன்னார் அப்பா. இதில் படம் பொய் சொல்லவில்லை. அந்தக் குழியைக் காட்டும் காட்சியில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

கொடியைத் தூக்கியது யார்? படத்தில் ட்ரிப் தூக்குகிறார், சாகிறார். நிஜத்தில் தூக்கியவர் சார்ஜென்ட் வில்லியம் கார்னி. உடம்பில் பல குண்டுகளோடு தவழ்ந்து கொடியைத் திரும்பக் கொண்டுவந்தார். பிழைத்தார். ஊருக்குப் போய் முப்பது வருஷத்துக்கும் மேல் தபால்காரராக வேலை பார்த்தார். அந்த ஜூலை மாலைக்காக அவருக்கு ‘மெடல் ஆஃப் ஹானர்’ கொடுத்தது 1900-ல். 37 வருஷம்! நியூ பெட்ஃபோர்ட் தெருக்களில் தபால் பையோடு நடந்துகொண்டிருந்த அந்த 37 வருஷத்தை எந்த இயக்குநரும் படம் பிடிக்கவில்லை. சினிமாவுக்குச் செத்த வீரன்தான் சௌகரியம். பிழைத்தவனுக்கு வயசாகும், பென்ஷன் கேட்பான்.

சினிமாவை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பாஸ்டனில் 1897-ல் திறந்த வெண்கல நினைவுச் சின்னத்தைப் பாருங்கள். சிற்பி செயின்ட் காடன்ஸ் 14 வருஷம் உழைத்த அற்புதம். குதிரை மேல் ஷா, நிஜ ஷா. பக்கத்தில் நடக்கும் சிப்பாய்களுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம். எல்லாம் கூலிக்கு வந்து நின்ற மாடல்களின் முகம். திறப்பு விழா அணிவகுப்பில் ரெஜிமென்ட்டின் நிஜ ஆட்கள், நரைத்த தலையோடு, கார்னி உட்பட நடந்து போனார்கள். வெண்கலத்தில் அவர்கள் இல்லை. இறந்த வெள்ளை அதிகாரிகளின் பெயரை அப்போதே பொறித்தாயிற்று. வாக்னரில் இறந்த சிப்பாய்களில் 62 பேரின் பெயரைச் சேர்த்தது 1982-ல். படப்பிடிப்புக்கு முன்னால் அந்தக் கல்லை ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால்கூட 62 பெயர் கிடைத்திருக்கும்.

சம்பளப் பிரச்னை எப்படி முடிந்தது என்று சொல்லாமல் விட்டேன். 1864 ஜூனில் காங்கிரஸ் சபை இறங்கிவந்தது. சேர்ந்த நாள் முதல் முழுச் சம்பளம். ஆனால் 1861 ஏப்ரல் 19-ல் சுதந்திரமாக இருந்தவர்களுக்கு மட்டும். ஷாவுக்குப் பிறகு கர்னலான ஹாலோவெல் ஒரு சத்தியப் பிரமாணம் தயாரித்தார்: அந்தத் தேதியில் யாருக்கும் கூலியில்லாமல் உழைக்கக் கடமைப்பட்டவன் அல்ல நான். கடவுளின் சட்டப்படி எந்த மனிதனும் அப்படிக் கடமைப்பட்டவன் அல்லவே! அடிமையாக இருந்தவர்களும் தைரியமாகச் சத்தியம் செய்தார்கள். செப்டம்பர் கடைசியில் பணம் வர ஆரம்பித்தது.

குடிங் அதை வாங்கவில்லை. பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் ஒலுஸ்டி சண்டையில் பிடிபட்டு, ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் கைதி முகாமில் ஜூலை 19-ம் தேதி இறந்துபோனார். அந்த முகாமில் இறந்தவர்கள் கிட்டத்தட்ட 13,000 பேர். டோரன்ஸ் அட்வாட்டர் என்ற பத்தொன்பது வயதுக் கைதியை முகாம் ஆஸ்பத்திரியில் சாவுக் கணக்கு எழுதப் போட்டிருந்தார்கள். பையன் யாருக்கும் தெரியாமல் இன்னொரு காப்பி எழுதிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். போர் முடிந்ததும் அந்தக் காப்பியை வைத்துத்தான் கல்லறைகளுக்குப் பெயர் எழுதினார்கள். குடிங் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரிவது அதனால்தான். பையனுக்கும் பரிசு கிடைத்தது. அரசாங்கத்திடம் இருந்து லிஸ்ட்டைத் திருடினான் என்று வழக்குப் போட்டு ஜெயிலில் தள்ளினார்கள்.