கம்பிவால் தகைவிலான்

பாலத்தின் கைப்பிடியிலோ மின்கம்பியிலோ கம்பிவால் தகைவிலான் வந்து உட்கார்ந்தால்தான் அதன் வாலழகை நிதானமாகப் பார்க்கலாம். பறக்கையில் வாலின் கம்பி போன்ற இறகுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தப்பிவிடும். வாலின் மற்ற இறகுகள் குட்டையாக முடிந்துவிட, இரு ஓரத்து இறகுகள் மட்டும் மயிரிழையாக மெலிந்து நீள்கின்றன. ஆணுக்கு நீளம் அதிகம், பெண்ணுக்குக் குறைவு. இளம்பறவைக்கு அவை இன்னும் வளர்ந்திருக்காது.

முதுகு மினுங்கும் கருநீலம். நிழலில் கறுப்பென்றே தோன்றும். வெயில் படும் கோணம் மாறியதும் நீலம் பளிச்சிடும். உச்சந்தலையில் செம்பழுப்பு, அதுவும் கண்ணுக்கு மேலேயே கறாராக நின்றுவிடுகிறது. தொண்டையிலிருந்து வயிறு வரை கலப்பில்லாத வெள்ளை. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் தகைவிலானுக்குள்ள செந்தொண்டையும் மார்புப்பட்டையும் இதற்கு இல்லை. இந்தப் பறவையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெள்ளைதான். நீர்ப்பரப்பை ஒட்டித் தாழ்ந்து போகையில் கீழிருந்து எழும் ஒளியையும் அது வாங்கிக்கொள்கிறது. சட்டென்று திரும்பும்போது வால் விரியும். அதில் வரிசையாக வெண்புள்ளிகள் ஒரு கணம் தெரிந்து மறையும்.

இதை 1818இல் அறிவியலுக்கு விவரித்தவர் விலங்கியலாளர் லீச். 1816இல் காங்கோ ஆற்றுப் பயணத்தில் இறந்துபோன நார்வே தாவரவியலாளர் கிறிஸ்டன் ஸ்மித்தின் நினைவாக 'ஹிருண்டோ ஸ்மித்தி' என்று பெயரிட்டார். ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் வாழும் இப்பறவை நம் ஊர் ஆறு, ஏரி, வாய்க்கால்களுக்கும் சொந்தக்காரன்.

நீரைவிட்டு அது அதிகம் விலகுவதில்லை. அதன் இரை அங்கேதான் பறக்கிறது. நீருக்குள் புழுவாக வளர்ந்து சிறகு முளைத்து மேலே வரும் பூச்சிகளும் அதில் உண்டு. குட்டையான தட்டை அலகு, ஆனால் வாய் அகலமாகத் திறக்கும். பறந்தபடியே பிடித்து விழுங்க அதுவே போதும். குடிப்பதும் பறந்தபடிதான்.

கூட்டின் வேலைப்பாடு தனி அழகு. பாலத்தின் அடியில், பெரும்பாலும் நீருக்கு நேர்மேலே, பாதிக் கிண்ணமாகச் சுவரில் ஒட்டியிருக்கும். கரையில் அலகால் அள்ளிய சேற்று உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பதித்திருப்பதால் வெளிப்பக்கம் மணிமணியாகத் தெரியும்; உள்ளே மெத்தென்று இறகுகள். வேறு சில தகைவிலான் இனங்கள் ஒரே பாலத்தடியில் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டும். இது இணையோடு தனித்தே கட்டும். இரு கரையும் அடியும் சிமெண்டு பூசிவிட்ட வாய்க்காலில் கூடு ஒட்டப் பாலம் இருக்கும். ஆனால் சேறு அள்ள ஈரமண் கரையைத் தேடிப் பறவை வேறெங்கோ பறக்க வேண்டியிருக்கும்.