எந்தப் பி? 1018 ஊர்களும் ஓர் அரசாணையும்

வெளியூர்க்காரர்கள் நம்ம ஊர்ப் பெயரைக் கொலை பண்றாங்க என்று சலித்துக்கொள்வது நமக்குப் பழக்கம். டெல்லியிலிருந்து வருபவர் கோழிக்கோட்டை 'கோஸிகோட்' என்பார். தஞ்சாவூரின் முதல் எழுத்தை மூச்சுக்காற்றோடு அழுத்திச் சொல்வார். அவர் நாக்கில் கோளாறு இல்லை. ஆங்கிலப் பலகையில் ழகரத்துக்கு 'இசட் எச்', தகரத்துக்கு 'டி எச்' என்று எழுதியிருக்கிறோம். இந்திக்காரர்களின் வழக்கத்தில் 'டி எச்' என்பது காற்றோடு வரும் வேறொரு தகரம். நாம் எழுதியதை அவர் தன் விதிப்படி வாசிக்கிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் எழுத்தைத் திருத்தலாமே? 2020 ஜூனில் தமிழக அரசு அதைத்தான் முயன்றது. 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றிப் பட்டியல் வந்தது. கேலி கிளம்பியது, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். ஆங்கிலேயர் சிதைத்ததைச் சரிசெய்வோம் என்ற நோக்கத்தில் எனக்கு உடன்பாடுதான். ட்ரிப்ளிகேன் என்ற பெயரில் திருவல்லிக்கேணியை யார் கண்டுபிடிப்பது? ஆனால் பட்டியலைப் போட்டவர்கள் ஒரு விதியை முடிவு செய்துவிட்டு உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

எழும்பூரையும் கோயம்புத்தூரையும் பாருங்கள். இரண்டிலும் 'ம்' அடுத்து பகரம், ஒரே ஒலி. பட்டியலில் எழும்பூருக்கு 'பி', கோயம்புத்தூருக்கும் 'பி'. எந்தப் பி? (தமிழில் எழுதும்போதே சிக்கல் வந்துவிடுகிறது பாருங்கள்.) எழும்பூருக்கு பஸ்ஸின் பி, கோயம்புத்தூருக்கு பேப்பரின் பி! தமிழில் வல்லினம் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். மெல்லினத்துக்குப் பின் மென்மையாகும். பழைய 'கோயம்பத்தூர்' எழுத்தில் பஸ்ஸின் பி சரியாகவே இருந்தது. அந்த ஓர் இடத்தில் வெள்ளைக்காரன் காது நம் அரசாணையைவிட நன்றாகக் கேட்டிருக்கிறது.

மதுரையிலும் இதே கதை. உயிருக்கு நடுவில் வரும் தகரம் மென்மையானது, பழைய 'டி' அதைக் காட்டியது. புதிய பட்டியல் அங்கே 'டி எச்' போட்டது. ஆனால் தூத்துக்குடியின் கடைசி டகரத்துக்கு மட்டும் மென்மையான 'டி'. ஒலியைப் பின்பற்றுவதா, தமிழ் எழுத்தைப் பின்பற்றுவதா? இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எழுத்துக்கு எழுத்து மாற்ற ஐஎஸ்ஓ 15919 என்ற தரநிலை 2001லேயே வந்துவிட்டது. அதன் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் பயணிக்குப் புரியாதுதான், ஆனால் குழப்பம் இல்லை. இரண்டையும் கலந்தால் என் தொழிலில் அதற்குப் பெயர் பக்.

இன்னொன்றும் அந்தப் பட்டியலில் கவனிக்கப்படவில்லை. ஊர்ப்பெயர் ஒலி மட்டும் அல்ல, அடையாள எண் மாதிரியும் வேலை செய்கிறது. வேலூரின் பழைய ஆங்கில எழுத்து மோசம். அதை நம்பினால் 'வெல்லூர்' என்றுதான் வாசிக்க வேண்டும். புதிய பட்டியல் இரண்டு 'ஈ' போட்டது. ஆங்கிலம் தெரிந்த எவரும் அதை 'வீலூர்' என்பார், அது பழையதைவிட மோசம். ஆனால் நாமக்கல் மாவட்டத்திலும் ஒரு வேலூர் இருக்கிறது, பரமத்தி வேலூர். தமிழில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலப் பலகையில் மட்டும்தான் இரண்டும் வேறு வேறு. அந்தத் தப்பான எழுத்தை நம்பித்தான் பல பேர் சரியான பஸ்ஸில் ஏறுகிறார்கள்.